தோலும் சீட்டும்

மேகமலை அன்று மதுரை ஜில்லாவில் இருந்தது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அதை ‘ஹை வேவி’ என்றார்கள். 1948இல் அங்கே ஒரு பழந்தின்னி வௌவால் அங்கஸ் ஹட்டன் என்பவர் கையில் சிக்கியது. ஹட்டன் தோட்ட வேலையில் இருந்தவர். ஒழிந்த நேரமெல்லாம் பாம்பு, பாலூட்டி என்று காட்டில் அலைந்தவர். வௌவாலைப் பாடம் செய்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திடம் சேர்த்தார். அங்கே பார்த்தவர்கள், ஊர்ப்புறத் தோப்புகளில் சாதாரணமாகத் திரியும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால்தான் இது என்று முடிவு செய்து, அந்த இனத்துக்குரிய தட்டில் வைத்து இழுப்பறையை மூடிவிட்டார்கள்.

இருபத்துநான்கு வருஷம் கழித்து, தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். வெளியே தெரியும் வால் இல்லை. மண்டையோடும் பல்வரிசையும் குட்டைமூக்கு வௌவாலோடு ஒத்துப்போகவில்லை. புதிய இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது என்று 1972இல் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரால் அதற்கு ‘லாட்டிடென்ஸ் சலீமலீ’ என்று பெயரிட்டார். அந்தப் பேரினத்தில் உலகெங்கும் இந்த ஓர் இனம்தான். தொங்லோங்யா 1974இல் இறந்துபோனார். அவர் தாய்லாந்துக் குகைகளில் கண்டெடுத்த மிகச் சிறிய வௌவால் ஒன்று அதே வருஷம் அவர் பெயரையே பெற்றது.

இந்தக் கதையில் வழக்கமாகப் பாராட்டப்படுவது தொங்லோங்யாவின் கண். அது சரிதான். ஆனால் என்னைக் கேட்டால், இதில் கவனிக்க வேண்டியது முதலில் நடந்த தவறுதான். அந்த வௌவாலை ஹட்டன் கண்ணால் பார்த்து, ‘குட்டைமூக்கு வௌவால், ஒன்று’ என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதியதோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தவறைத் திருத்த யாராலும் முடிந்திருக்காது. எழுதியவர் சொன்னதை நம்பலாம், நம்பாமல் விடலாம். மறுபடி சோதிக்க முடியாது. உடல் இருந்ததால் ஒருவர் செய்த தவறை முன்பின் தெரியாத இன்னொருவர், இன்னொரு தேசத்திலிருந்து வந்து திருத்த முடிந்தது. மலைக்காட்டில் பறவையையும் எலியையும் கொன்று சேகரித்ததற்கு நியாயம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதைத் தவிர வேறு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1972 என்ற வருஷத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்த வருஷம்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சேகரிக்கப் போகும் காலம் அதோடு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தொல்லை தரும் பிராணிகளின் அட்டவணையில் வைத்தது. அப்போதுதான் பெயர் பெற்ற அபூர்வ வௌவாலும் அந்தக் கூட்டத்தில் அடங்கிவிட்டது. கடும் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்கு அந்த வௌவால் ஏறியது வெகுகாலம் கழித்து. இடையில் 1993இல் ஒரு ஆய்வுக்குழு மேகமலைக்குப் போய் அதை உயிரோடு மீண்டும் கண்டது. குழு எங்கே போக வேண்டும் என்பதைச் சொன்னது ஹட்டன் வௌவாலின் இடக்குறிப்பு.

அந்தக் காலத்துச் சேகரிப்பாளரின் நாளில் சுடுவது சிறு பகுதி. உட்கார்ந்து உரிப்பதுதான் பெரும் பகுதி. சின்னப் பறவைகளுக்குப் பொடி ரவைத் தோட்டா. பெரிய ரவை பட்டால் பறவை கிழிந்துபோகும். விழுந்த பறவையை எடுத்ததும் தொண்டையிலும் பின்துவாரத்திலும் பஞ்சை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் கசிந்து இறகெல்லாம் பாழ். கண்மணி, அலகு, கால் இவற்றின் நிறத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும். சாயங்காலத்துக்குள் கண்ணின் நிறம் போய்விடும். அலகின் மஞ்சளும் காலின் சிவப்பும் காயக் காயப் பழுப்பாகிவிடும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் பறவையைத் தலைகீழாக விட்டு முகாமுக்குக் கொண்டுவருவார்கள்.

அப்புறம் கத்தி வேலை. மார்பெலும்பின் அடியிலிருந்து பின்துவாரம் வரை ஒரே கீறல். தோலை இரண்டு பக்கமும் விலக்கி, முழங்கால் மூட்டில் வெட்டி, வால் அடியில் வெட்டி, உறையைக் கழற்றுகிற மாதிரி தலைவரை புரட்டிக்கொண்டு போவார்கள். மண்டையின் பின்புறத்தைத் திறந்து மூளையை எடுத்து, கண்ணையும் எடுத்து, குழியில் பஞ்சு வைப்பார்கள். ஈரத்தையும் கொழுப்பையும் உறிஞ்ச மரத்தூளோ மாவோ தூவிக்கொண்டே இருக்க வேண்டும். தோலின் உட்புறம் வெள்ளைப் பாஷாணம் கலந்த சோப்பைத் தடவினால் பூச்சி அண்டாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் பெக்கூர் என்ற மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்த கலவை அது. அதனால்தான் பழைய தோல்களை இன்றும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பார்கள். கடைசியில் குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே செலுத்தி, தைத்து, இறக்கைகளை ஒடுக்கி, கால்களைக் குறுக்காகக் கட்டி, அந்தக் கட்டிலேயே சீட்டைத் தொங்கவிட வேண்டும்.

எல்லாப் பறவையும் ஒரே மாதிரி ஒத்துழைக்காது. மரங்கொத்தியின் தலை கழுத்துத் தோலுக்குள் நுழையாத அளவு பெரியது; பிடரியில் தனியாக ஒரு கீறல் போட்டால்தான் வெளியே வரும். தீக்காக்கையின் தோலோ நனைந்த காகிதம். கொஞ்சம் இழுத்தால் கிழியும். கிழியாவிட்டால் இறகு கொத்தாகக் கையோடு வரும். நல்ல தீக்காக்கைத் தோல் ஒன்றைக் கண்டால் பாடம் செய்தவரின் பொறுமையை நினைத்துக்கொள்ளலாம். மலையில் இதற்கெல்லாம் மேல் ஈரம். காலையில் சுட்டதை மதியத்துக்குள் உரிக்காவிட்டால் வயிற்றுப்பக்கத்து இறகு உதிரத் தொடங்கும். உரித்த தோல் காயாமல் பூசணம் பிடிக்கும். மேஜையின் காலடியில் எறும்பு, சேகரிப்பாளரின் காலடியில் அட்டை. மலைச்சரிவுகளில் ஆய்வை மழை ஓய்ந்த மாதங்களில் வைத்துக்கொண்டதற்குப் பறவைகள் மட்டும் காரணமல்ல.

உரிக்கும்போது செய்ய வேண்டிய இன்னொரு காரியம், உடலுக்குள் பார்த்து ஆணா பெண்ணா என்று எழுதுவது. இறகின் நிறத்தை வைத்து ஆண் பெண் பிரிக்க முடியாத இனங்கள் நிறைய உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் விரை பல மடங்கு பெருக்கும். அதன் அளவை மில்லிமீட்டரில் எழுதிவைத்தால், எந்த மாதத்தில் எந்த உயரத்தில் அந்தப் பறவை கூடு கட்டுகிறது என்பது கூட்டைக் காணாமலே விளங்கிவிடும். இரைப்பையில் என்ன இருந்தது என்பது இன்னொரு வரி. இடம், உயரம், தேதி, பால், அளவுகள், சேகரித்தவர் பெயர், வரிசை எண் இத்தனையும் விரல் அகலச் சீட்டில் ஏற வேண்டும். சீட்டு அறுந்து விழுந்த தோல், எவ்வளவு அழகாகப் பாடம் செய்திருந்தாலும், அறிவியலுக்குக் குப்பை.

சீட்டு இல்லாததைவிட மோசமானது பொய்ச் சீட்டு. அதற்கு இந்தியக் காடுகளிலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. 1872இல் மத்திய இந்தியாவில் பிளூவிட் என்பவர் ஒரு சிறு ஆந்தையைச் சுட்டார். மறு வருஷம் பறவையியலாளர் ஏ. ஓ. ஹியூம் அதற்குப் பெயர் வைத்தார். அதன்பின் கிடைத்த தோல்களையும் சேர்த்து உலகத்தில் மொத்தம் ஏழு. அவற்றில் ஒன்றின் சீட்டில், 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் தாமே சேகரித்ததாக ராணுவ அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் எழுதியிருந்தார். மற்றவை எல்லாம் 1880களோடு நின்றுவிட்டதால், கடைசித் தடயம் இதுதான் என்று குஜராத்தில் தேடினார்கள். ஆந்தை அகப்படவில்லை.

மைனர்ட்ஸ்ஹாகன் லண்டன் அருங்காட்சியகத்திலிருந்தே தோல்களைத் திருடி, புதுச் சீட்டுக் கட்டித் தம் சேகரிப்பாகக் காட்டியவர் என்பது 1990களில் அம்பலமானது. பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் இந்த ஆந்தையையும் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தார். பாடம் செய்கிற ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பழக்கம் உண்டு: பஞ்சை எப்படிச் சுருட்டுகிறார், எந்த எலும்பை விடுகிறார், எங்கே தைக்கிறார். மேலே திரும்பத் தைத்திருந்தாலும் உள்ளே கிடந்த வேலை ஜேம்ஸ் டேவிட்சனுடையது. டேவிட்சன் 1880களில் காந்தேஷ் பகுதியில் சேகரித்தவர். குஜராத்தை விட்டுவிட்டு உண்மையான இடங்களை நோக்கித் தேட முடிந்தது இதனால்தான். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகே சத்புரா அடிவாரத்தில், இலையில்லாத மரமொன்றில் பட்டப்பகலில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. 113 வருஷத்துக்குப் பிறகு. பொய் சொன்ன சீட்டு இத்தனை பேரை வேறு காட்டில் அலையவிட்டது. அதற்கு அடியில் இருந்த தையல் உண்மையைச் சொல்லிவிட்டது.

பறவைகளுக்காவது ஆட்கள் இருந்தார்கள். எலி, மூஞ்சூறு, வௌவால் இவற்றைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட யாருக்கும் பெரிதாகத் தெரியாது. புலியும் காட்டெருமையும் வேட்டைக்காரர்களின் சுவர்களில் தொங்கின. எலியைச் சுவரில் மாட்ட யாருக்கு ஆசை? பம்பாய்க் கழகம் 1911இல் மில்லார்ட் என்பவரின் முன்முயற்சியில் பணம் திரட்டி, சம்பளத்துக்குச் சேகரிப்பாளர்களை அமர்த்திப் பாலூட்டி ஆய்வைத் தொடங்கியது. கிரம்ப் காந்தேஷில் ஆரம்பித்தார். ஷார்ட்ரிட்ஜ் குடகு மலைகளில் வேலை செய்தார். பாப்டிஸ்டா போன்றோரும் இருந்தார்கள். 1923 வரை ஓடிய அந்த வேலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் சேர்ந்தன. ராட்டன் என்ற ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி லண்டனில் உட்கார்ந்து அவற்றை வகைப்படுத்தினார். பெல்காம் பக்கத்துக் குகையில் கிடைத்து 1913இல் பெயர் பெற்ற வௌவாலும் அவர் பெயரையே தாங்குகிறது. மேகமலை வௌவாலோடு சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது அதுதான்.

சிறு பாலூட்டிகளைப் பிடிப்பதில் வீரம் எதுவும் கிடையாது. சாயங்காலம் சோலையின் தரையில், விழுந்த மரத்தின் ஓரத்தில், பாறை இடுக்கில், ஓடைக்கரையில் பத்தடிக்கு ஒன்றாகப் பொறி வைத்துக்கொண்டே போவார்கள். சுட்ட தேங்காய்ச் சில்லு நல்ல இரை. வாசனைக்கு எலி வரும், சீக்கிரம் கெடாது. விடிந்தும் விடியாமலும் பொறிகளைப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் எறும்பு முந்திக்கொள்ளும். காதும் மூக்கும் போன எலியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தலையும் உடலும், வால், பின்பாதம், காது என்று நான்கு அளவு எடுத்து, தோலைத் தட்டையாகப் பஞ்சு வைத்துக் காயவிட்டு, மண்டையோட்டை வெந்நீரில் வேகவைத்தோ தோல்வண்டுகளை விட்டுத் தின்னச் செய்தோ சுத்தம் பண்ணி, தோலின் எண்ணையே அதற்கும் எழுதித் தனிக் குப்பியில் போடுவார்கள். இந்த இனங்களில் பலவற்றுக்கு அடையாளம் பல்லில்தான். உயிரோடு கையில் வைத்துக்கொண்டிருந்தாலும் எது எது என்று சொல்லத் தடுமாற வேண்டியிருக்கும்.

சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவை ஆய்வைத் தொடங்கியது 1933 ஜனவரியில். தொடங்கிய இடம் மறையூர். அப்போது அவருக்கு வேலை கிடையாது. முகாமுக்கும் போக்குவரத்துக்கும் சமஸ்தானம் செலவு செய்தால் சம்பளம் வேண்டாம், நான் செய்கிறேன் என்று தாமே முன்வந்து பெற்ற வாய்ப்பு இது. மனைவி தெஹ்மினா முகாமைக் கவனித்துக்கொண்டார். மூணாறு, பீர்மேடு, தேக்கடி, தட்டேக்காடு, கொச்சி வன டிராம் பாதையில் இருந்த குரியார்குட்டி, நெல்லியாம்பதி, செங்கோட்டை, தெற்கே ஆரல்வாய்மொழி வரை அந்த முகாம் நகர்ந்தது. தோல்கள் இங்கிலாந்தில் இருந்த ஹியூ விஸ்லருக்குப் போயின. பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற விஸ்லர், துணை இனங்களைப் பிரித்தறிவதில் கெட்டிக்காரர். தோலைத் தோலோடு ஒப்பிட்டு அவர் எழுதியதும், காட்டில் பறவை என்ன செய்தது என்று சலீம் அலி எழுதியதும் சேர்ந்து 1935 முதல் பம்பாய்க் கழகத்தின் சஞ்சிகையில் தொடராக வந்தன.

படித்துப் பார்த்தால் ஒரே கட்டுரைக்குள் இரண்டு குணம் தெரியும். சலீம் அலிக்குச் சுட்டு உரிப்பது தேவைக்கு ஒரு வேலை. மனம் உயிருள்ள பறவையின் நடத்தையில் இருந்தது. பெர்லினில் பறவையியலாளர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்றவர் அவர். அதே ஸ்ட்ரெஸ்மனின் மாணவர் எர்ன்ஸ்ட் மயர் 1928இல் நியூகினியின் அர்ஃபாக் மலைக்குச் சேகரிக்கப் போனார். அங்கே அவர் பிரித்தறிந்தது 137 பறவை இனம். அவரோடு வேட்டையாடிய மலைவாசிகள் தங்கள் மொழியில் வைத்திருந்தது 136 பெயர். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கதிர்க்குருவிகளை மட்டும் சேர்த்து ஒரே பெயரால் சொன்னார்கள். தாம் பிரித்த இனங்கள் தம் கற்பனை அல்ல என்பதற்கு இதையே சாட்சியாக மயர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த வேட்டைக்காரர்களின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. நம் மலைகளிலும் அதே கதைதான். காடர், முதுவர், பளியர் ஆகிய பழங்குடிகள் இல்லாமல் யாரும் ஆனைமலையிலோ பழனியிலோ ஒரு மூஞ்சூறைக்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது. எந்தப் பொந்தில் எது படுக்கும், எந்த ஓடையில் எந்தக் குரல் என்பதெல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. சீட்டில் ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் முகாமின் தலைவர் பெயர் மட்டும் நிற்கிறது. ஓர் உயரக் குறிப்பு விட்டுப்போனால் குறை சொல்லும் விஞ்ஞானிகளுக்கு இது குறையாகவே படவில்லை என்பதுதான் விசித்திரம்.

துப்பாக்கி போனபின் வேலை எப்படி மாறியது என்பதற்குச் சோலைப் பறவைகள் நல்ல உதாரணம். பழனி மலையில் ஃபேர்பேங்க் பாதிரியார் 1860களில் சேகரித்தவற்றிலிருந்து பிளான்ஃபோர்டு என்பவர் இரண்டு பறவைகளுக்குப் பெயர் கொடுத்தார்: சோலைத் தரையோரம் தத்தும் ஒரு நீலப் பறவை, பாதிரியாரின் பெயரையே பெற்ற ஒரு சிரிப்பான். நீலகிரியிலும் அகத்தியமலைப் பக்கத்திலும் இவற்றின் நெருங்கிய உறவுகள் உண்டு. அவை தனி இனங்களா, ஒரே இனத்தின் கிளைகளா, எந்தப் பேரினம் என்று நூற்றைம்பது வருஷம் இழுபறி. ஆய்வாளர் வி. வி. ராபின் குழுவினர் மெல்லிய வலை கட்டி, விழுந்த பறவையின் இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். மரபணுவோடு பாட்டையும் உடல் அளவுகளையும் இறகின் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இவற்றை வெகுகாலம் முன்பே பிரித்துவிட்டிருந்தது தெரிந்தது. 2017இல் சோலிக்கோலா, மான்டிசிங்க்லா என்று இரண்டு புதிய பேரினங்கள் வந்தன. தெற்கே ஆசம்பு மலையில் ஒரு புதிய இனமும் கிடைத்தது. ஒரு பறவையையும் சுட வேண்டியிருக்கவில்லை.

ஆகவே பழைய தோல்கள் இனி வேண்டாமா என்றால், அப்படிச் சொல்லிவிட முடியாது. 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் முட்டை சேகரித்தவர்களின் பழைய பெட்டிகளைத் திறந்து ஓடுகளை எடைபோட்டார். பைரி வல்லூறுகளின் முட்டை ஓடு 1940களின் பிற்பகுதியிலிருந்து திடீரென்று மெலிந்திருந்தது. டிடிடி பூச்சிமருந்தின் மீது விழுந்த பெரிய பழிக்கு ஆதாரமானவற்றில் அது ஒன்று. முட்டை சேர்த்த பொழுதுபோக்குக்காரர்கள் யாரும் பூச்சிமருந்தை நினைத்துச் சேர்த்தவர்கள் அல்ல. இன்று எடுக்கும் ரத்தச் சொட்டு இன்றைய கேள்விக்குப் பதில் சொல்லும். ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் பல்லையோ எலும்பையோ இரைப்பையையோ கேட்டால் குப்பியில் அது இருக்காது.

என் கணிப்பில், பறவைகளைச் சேகரித்துக் கொல்ல இனி இந்த மலைகளில் காரணம் இல்லை. எலி, மூஞ்சூறு, வௌவால் விஷயம் வேறு. பல்லைப் பார்க்காமல் இனம் சொல்ல முடியாதவை அவற்றில் பல. அவற்றுக்கும் கொல்லாத வழி ஒன்று இருக்கிறது. மலைச்சாலைகளில் இரவு நேர வண்டிகளுக்கு அடியில் தினமும் சிறு பாலூட்டிகள் சாகின்றன. அட்டவணையில் உள்ள காட்டு விலங்கு செத்துக் கிடந்தாலும் அது அரசுச் சொத்து. அனுமதி இல்லாமல் எடுத்து வைத்திருப்பது குற்றம். சட்டத்தின் நோக்கம் நல்லதுதான், விலங்கின் உடலை வியாபாரமாக்குபவர்களைத் தடுக்கத்தான் அப்படி எழுதினார்கள். ஆனால் ஆய்வாளர் மாநிலத் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதியோடு வருவதற்குள் சாலையில் கிடந்ததைக் காக்கையும் எறும்பும் முடித்துவிடுகின்றன. மலைப்பகுதிச் சரகங்களில் சோதனைச்சாவடிக்கு ஒரு சாராயச் சாடியும் ஒரு கட்டுச் சீட்டும் கொடுத்து, இடம், தேதி, கண்டெடுத்த காவலர் பெயர் எழுதி, செத்துக் கிடந்த உடலோடு சாடியில் போடச் சொல்லலாம். ஓராண்டுக்கு ஒருமுறை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வனத்துறைக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, ஓர் உத்தரவு போதும்.